வெள்ளிக்கிழமை மட்டும் நின்ற நெட்வொர்க்

தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் அப்போது சர்வீஸ் வேலை பார்த்தேன். எங்கள் கடைக்குக் கிடைத்த முதல் நெட்வொர்க் வேலை அதுதான். மாட்டி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர், கிளார்க் எல்லோரையும் நிற்க வைத்து சர்வர் என்றால் என்ன, அதில் கோக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நோட் என்று ஏன் சொல்கிறோம் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். நான்கு கம்ப்யூட்டரும் ஒரே கருப்பு வயரில் கோத்தவை. எந்த இடத்தில் கழன்றாலும் நான்கும் மொத்தமாக நின்றுவிடும் என்பதையும் சொல்லியிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மில்லிலிருந்து போன் வந்தது. எல்லாம் நின்றுவிட்டதாம். பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால் எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது! அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டை மாற்றினேன், வயரையே மாற்றினேன். சனியிலிருந்து வியாழன்வரை ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆனால் போன்.

"ஏம்ப்பா, நீ பஸ் ஏறுனதுமே இது சரியாயிருது. உனக்குப் பயப்படுதோ என்னமோ" என்றார் மில் முதலாளி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாவது வாரம் அவரும் சிரிக்கவில்லை. நூல் ஏற்றிய லாரி ரசீது இல்லாமல் வாசலில் நின்றது. "அடுத்த வெள்ளியும் நின்னுச்சுன்னா அம்புட்டையும் அள்ளிக்கிட்டுப் போயிருங்க" என்றார். என் கடைக்காரரோ, மெஷின் திரும்பி வந்தால் நீயும் வேறு வேலை தேடிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வெள்ளி, போனுக்குக் காத்திருக்காமல் காலை ஏழு மணி பஸ்ஸிலேயே போய்விட்டேன். லாரிக்கு ரசீது போடும் டெஸ்பாட்ச் அறையில் ஒரு நூல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு அறையில் இருந்தவர்கள் சாப்பிடப் போனார்கள். பக்கத்து மம்சாபுரத்திலிருந்து வந்து கூட்டிப் பெருக்கும் அம்மா வாளியோடு வந்தார். நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய், தரையோரம் கிடந்த வயரை லாகவமாகத் திருகிக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சாமி படத்துக்கு முன்னால் தரையைக் கழுவ ஆரம்பித்தார். உள் ஆபீசிலிருந்து "போச்சுடா!" என்று கிளார்க்கின் குரல் கேட்டது.

"யாரைக் கேட்டும்மா அதுல கை வச்சே?" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். அவர் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"நீங்கதான சார் அன்னைக்குச் சொன்னீக, தண்ணி பட்டா அம்புட்டும் போச்சுன்னு. வெள்ளிக்கிழம கழுவாம இருக்க முடியுமா? அதான் கழத்தி வச்சிட்டு, தரை காஞ்ச பொறவு நீங்க மாட்டுன மாதிரியே மாட்டிருவேன்."

சொன்னேன்தான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, பைகளைக் கட்டும்போது போகிற போக்கில் இவரிடம் அந்த ஒரு வரியை வீசிவிட்டுப் போயிருந்தேன். இவருக்கு இது எங்கே புரியப்போகிறது என்கிற திமிர். ஒரு தடவை பார்த்தே அந்தத் திருகலைக் கற்றுக்கொண்டவர், இதைக் கழற்றினால் நான்கும் நின்றுவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருக்க மாட்டாரா?

சத்தம் கேட்டு முதலாளி வந்து நின்றார். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். அவரைக் கைகாட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் வேலை அன்றோடு போயிருக்கும். கை காட்டத் தோன்றவும் செய்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"தப்பு என்னோடது சார். தண்ணி புழங்குற இடத்துல தரையில வயர் விட்டுட்டேன்" என்றேன். அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்; மெஷினை மட்டும் அவர் திருப்பி அனுப்பவில்லை. பிறகு சுவரில் ஆணி அடித்து வயரை மேலே ஏற்றினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆணிகளை எடுத்துக் கொடுத்தது அந்த அம்மாதான்.

இன்றைக்கும் புதிதாக ஓர் ஆபீசுக்கு வயர் இழுக்கப் போனால், இங்கே கூட்டிப் பெருக்குவது யார் என்று கேட்டு, அவரிடம் பேசிவிட்டுத்தான் பையைத் திறக்கிறேன்.