ஆற்றுக்குள் இறங்கி நடந்தவன்

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குக் கால அட்டவணை உண்டு. எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எத்தனை மணிக்கு வடியும் என்று கரையில் ஒரு பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கடல் தினமும் இரண்டு முறை ஆற்றுக்குள் புகுந்து, வந்த வழியே திரும்பிப் போகிறது. ஆறு வருடமாக அந்தப் பலகையைத் தாண்டி நடக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. வைகைக்கரைக்காரன் ஆற்றில் தண்ணீர் வரும் செய்தியைப் பேப்பரில்தான் படிப்பான், அதுவும் சித்திரை மாதத்தில். தினமும் வருகிற தண்ணீரை எவன் நம்புவான்?

அன்று டிசம்பர் காலை எட்டு மணி. இங்கே அப்போதுதான் விடிகிறது, அதுவும் வேண்டாவெறுப்பாக. மதுரையில் அந்நேரம் மதியம் ஒன்றரை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முடிந்ததும் கூப்பிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "கொஞ்ச நேரம் வெளிய போயி நடங்க, தரையில ஓட்ட விழுந்துரப் போகுது" என்று மனைவி துரத்திவிட்டாள்.

எனக்கு லீவு தரவில்லை என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை. பூனைக்குக் காய்ச்சல் என்றாலும் லீவு தருகிற என் மேனேஜர், அம்மாவுக்கு என்றால் விமான நிலையம் வரை காரில் கொண்டுவந்தே விட்டிருப்பார். எனக்குப் பயம், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்ததற்குப் போய்விட்டுத் திரும்புகிற அன்று, அம்மா வாசல் கேட் வரை வந்து என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை, அழவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், பெட்டிய விட்டாத்தான் பிளேன எடுப்பாங்களாம்" என்றேன், அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துப் பழக்கத்தில். சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஜாலியான ஆள் என்று எனக்கு இரண்டு நாட்டிலும் பெயர்.

ஆறு வற்றிக் கிடந்தது. படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. எதிர்க்கரைக்குப் பாலத்தைச் சுற்றிப் போனால் அரை மணி நேரம், குறுக்கே போனால் ஐந்து நிமிடம். இறங்கிவிட்டேன். எந்த மதுரைக்காரனும் இறங்கியிருப்பான். எங்கள் வீடு வைகைக்கு வடக்கே கே.கே. நகரில், அம்மா வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடம் தென்கரையில். நானும் அங்கேதான் படித்தேன். பஸ் வரவில்லையென்றால், "வாடா, ஆத்துல இறங்கிருவோம்" என்பார். ஒரு தோளில் திருத்தவேண்டிய நோட்டுகள், ஒரு கையில் என் மணிக்கட்டு. எருமைகளையும், காயப்போட்ட வேட்டிகளையும், கிரிக்கெட் ஆடுகிறவர்களையும் தாண்டிப் போவோம். எங்களுக்கு அது சிக்னல் இல்லாத ஒரு ரோடு.

பாதி தூரம் போயிருப்பேன். எதிர்க்கரையில் நாயோடு நின்ற ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். ஆறு வருடத்தில் இந்த ஊரில் யாரும் என்மேல் இம்புட்டுப் பிரியம் காட்டியதில்லை. நானும் இரண்டு கைகளையும் ஆட்டினேன். பிறகு நாய் குரைத்தது. ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தால், நான் வந்த வழியைக் காணோம். தரையில் கொட்டிய தேநீர் மாதிரி, சத்தமே இல்லாமல், தண்ணீர் எனக்குப் பின்னால் சுற்றி வந்திருந்தது. ஓட நினைத்தேன். வலது கால் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. இழுத்தேன், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. 'அந்தோணியாரே' என்று கத்தினேன். அவர் காணாமல் போன பொருளைத் தேடித் தருகிறவர் என்பதும், பூட்ஸ் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியும் என்பதும் அந்நேரத்தில் உறைக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அக்காதான். "நல்லபடியா முடிஞ்சிருச்சுடா. அம்மா கண்ணு முழிச்சிருச்சு, ஆனா மயக்கம் முழுசாத் தெளியல. ஒன்னையத்தான் கேக்குது, பேசு" என்று அம்மாவின் காதில் வைத்துவிட்டாள்.

"எங்கடா நிக்கிற?"

"ஆத்துக்குள்ளம்மா."

"தண்ணி கெடக்கா?"

"கெடக்கும்மா."

"கெடக்காது. பொய் சொல்லாத. மேட்டப் பாத்து ஏறு, மணியடிச்சிரப் போறாங்க."

அந்த வாரம் முழுவதும் அம்மாவிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைத்தான் அவர் நம்பவில்லை. ஆனாலும் சொன்னபடி, போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூழாங்கல் தெரிந்த மேட்டைப் பார்த்துத் தவழ்ந்தேன். பெரியவர் கைத்தடியை நீட்டிக் கரையேற்றினார்.

"பலகையில் எழுதியிருக்கிறதே" என்றார். பிறகு, எந்த ஊர் என்று கேட்டார். ஆற்றங்கரை ஊர் என்றேன். "அப்படியானால் ஆற்றைப் பற்றித் தெரிந்திருக்குமே?"

"எங்கள் ஆற்றில் தண்ணீர் இருக்காது."

நான் ஜோக் அடிப்பதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நாய்கூட வாலை ஆட்டியது.

போனை எடுத்தேன். அக்கா லைனில்தான் இருந்தாள்.

"லீவு கேட்டியா, இல்லையாடா?"

"எங்க மேனேஜர் இருக்கானே..."

"சிரிப்புக் காட்டாத. கேட்டியா?"

"கேக்கலக்கா."

"தெரியும். நீ வெளிய வராண்டாவுல நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு, அம்மா கதவையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கு. மயக்கம் தெளிஞ்சதும் ஒன்னையத்தான் கேக்கும். நான் என்ன சொல்லட்டும்?"

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"லைன் விட்டு விட்டு வருதுக்கா" என்று சொல்லிக் கட் பண்ணினேன். லைன் மிகத் தெளிவாக இருந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் சத்தம்கூடக் கேட்டது.

பனி உறைந்த புல்லில் ஒற்றைப் பூட்ஸோடும் ஈரக் காலுறையோடும் நின்றேன். சேற்றில் என் இன்னொரு பூட்ஸ், யாரோ ஒருவன் நடந்துகொண்டிருந்தபோதே மறைந்துவிட்டது போல, நான் ஏறிய கரையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. தண்ணீர் அதன் விளிம்பு வரை ஏறியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு உள்ளே இறங்கியது.