பீரோ அண்ணன் அனுமதி கேட்ட கதை

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கியே இருபத்திரண்டு வருடம் ஓட்டிய ஒருவர், நாற்பத்து நாலாவது வயதில் ஒரு விஞ்ஞான உண்மையைக் கண்டறிந்தார்: பீரோக்களின் எடை வருடாவருடம் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே, நோயாளி பராமரிப்புப் படிப்பில் பெரியவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் சேர்ந்தார். அதே வகுப்பில், மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு, அவருடைய மகளும் உட்கார்ந்திருந்தாள்.

"கிளாஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. நானும் உன்னை அப்பான்னு கூப்பிட மாட்டேன்" என்பது அவள் விதித்த நிபந்தனை. வகுப்பு அவருக்கு 'பீரோ அண்ணன்' என்று பேர் வைத்தது. மகளும் அப்படியே கூப்பிட்டாள்.

எழுத்துத் தேர்வில் அண்ணன் புலி. செய்முறையில்தான் சறுக்கல். படுத்திருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அதற்குமுன் செய்யப்போவதை விளக்கி, அனுமதி கேட்க வேண்டும். கட்டிலில் கிடந்ததோ ரப்பர் பொம்மை. முதல் தடவை அண்ணன் வாயே திறக்கவில்லை. "பொம்மைகிட்ட என்னத்த மேடம் பேசுறது?" இரண்டாம் தடவை பேசினார், ஆனால் பழக்கதோஷத்தில், "ஓரமா... ஓரமா... நெலையில இடிக்காம!" என்று பேசினார். பொம்மையின் இடுப்பு கழன்று கையோடு வந்தது.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் மறுபடி பீரோ.

பொம்மை பழுதுபார்க்கப் போயிருந்ததால், முன்னாள் தலைமை நர்ஸான ஆசிரியை, ஒரு மாணவரையே படுக்க வைக்கச் சீட்டுக் குலுக்கினார். வந்தது மகளின் எண்.

அண்ணன் கை கழுவினார். "வணக்கம்மா. இன்னைக்கு நான்தான் உங்களைப் பாத்துக்கப் போறேன்." மகளை 'நீங்க' என்றது ஜென்மத்தில் முதல் தடவை. காது சிவந்தது. "உங்களை இடது பக்கமாத் திருப்பட்டுமா?"

"வேணாம்" என்றாள் மகள்.

ஜன்னலோரப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடிகாரத்தில் நாலு நிமிடம் மிச்சம். முடிவெட்டுவதிலிருந்து பள்ளிக்கூடம் மாற்றுவதுவரை எதற்கும் அவளிடம் கேட்டுப் பழகாத கைகள், தாமாகவே அவள் தோளை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றன. மூன்றாவது மாடியிலிருந்து பீரோ இறக்கியபோதுகூட அப்படி வியர்த்ததில்லை.

"ஏம்மா? எங்கயாவது வலிக்குதா?"

"கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் இருங்க."

"சரிம்மா. நீங்க சொல்லுங்க, அப்புறம் திருப்பறேன்." கைகட்டி நின்றார். மணி அடித்தது.

"திருப்பவே இல்லையே?" என்றார் ஆசிரியை.

"அவங்க வேணாம்னுட்டாங்களே மேடம்."

மதிப்பெண் தாளில் 'நோயாளி மறுத்தால் நிறுத்துதல்' என்று ஒரு கட்டம் உண்டு. பொம்மை எதையுமே மறுத்ததில்லையாதலால், அந்தக் கட்டம் பிறந்த நாள்முதல் காலியாகவே கிடந்தது. ஆசிரியை அதில் பெரிதாக டிக் அடித்தார். "கால் சரியானதும் திருப்பிக் காட்டிட்டுப் போங்க. அவசரமில்ல."

காட்டினார். தலையணை மடங்கக்கூட இல்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா" என்றாள் மகள், வகுப்பு மொத்தமும் கேட்க.

அடுத்த ஞாயிறு, பழைய கூட்டாளியோடு கடைசியாக ஒரு பீரோ. அண்ணன் அதன்மேல் கைவைத்து, "இப்ப உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேன்" என்றார்.

கூட்டாளி பிடியை விட்டான். "யாருகிட்டடா பேசுற?"

அண்ணன் பீரோவின் கதவில் காதை வைத்தார். பீரோவுக்கு ஆட்சேபணை இல்லை என்று உறுதியான பிறகே தூக்கினார்.