ஐஸைத் தூங்க வைப்பவர்

முதலில் ஒரு கைத்துண்டை நான்காக மடித்து வாளியின் அடியில் போடுகிறார். அதன்மேல் ஐஸை அள்ளி மெல்லச் சரிய விடுகிறார். கொட்டுவது அவருக்குப் பிடிக்காது. வாளியைச் சற்றுச் சாய்த்துக் காதருகே கொண்டுபோய்க் கேட்கிறார். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இடம்பிடிக்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் மீதியை நிரப்புகிறார். மேலே இன்னொரு துண்டு, அப்புறம் மூடி. மூடியை அழுத்திய உள்ளங்கையை உடனே எடுப்பதில்லை. தொட்டிலில் கிடத்திய பிள்ளையின் முதுகிலிருந்து கையை எடுக்கத் தயங்குகிறவரைப் போல ஒரு கணம் அப்படியே நிற்கிறார்.

"தூங்கிருச்சு," என்கிறார்.

அந்த உல்லாசக் கப்பலில் ஒரு நீண்ட தாழ்வாரம் முழுக்க அவர் பொறுப்பு. படுக்கை விரிப்பது, குளியலறை துடைப்பது, துண்டுகளை மாற்றுவது எல்லாமே அவர் வேலைதான். ஆனால் "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால், "ஐஸ் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வார். கப்பல் ஊழியர்கள் அவருக்கு வாளியண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்படியே கூப்பிட்டுப் பழகிப்போனதில், உண்மைப் பெயர் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அறைகளில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டிகள் மீது அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "அதை நம்பாதீங்க சார். பேருக்குத்தான் குளிர்பெட்டி. வெயில்ல நடந்து வந்த ஆளு மாதிரி அதுவே மூச்சு வாங்கிட்டு இருக்கும்" என்பார். சாறு, சோடா, தண்ணீர் எதுவானாலும் பாட்டிலைப் படுக்க வைத்துக் கழுத்து வரை ஐஸைப் போர்த்திவிட வேண்டும். வாளியைப் பால்கனிப் பக்கம் வைக்கக் கூடாது. உருகிய நீரை வடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடியை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. "தூங்கறதை எதுக்குத் தட்டி எழுப்பணும்? முழிச்சிக்கிச்சுன்னா அவ்ளோதான், தண்ணியாப் போயிரும்."

பயணிகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அதன்பிறகு பயணிகளும் மூடியை மெதுவாகத்தான் மூடுவார்கள்.

யாருக்கு எப்படிப்பட்ட ஐஸ் வேண்டும் என்பதும் அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். சிலர் கடித்து நொறுக்குவார்கள். சிலர் நெற்றியில் தேய்த்துக்கொள்வார்கள். "ஒரு அம்மா இருந்தாங்க, குடிக்கவே மாட்டாங்க. கிளாஸை ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டே இருப்பாங்க. அவங்களுக்குப் பெரிய கட்டியாப் பொறுக்கிப் போடுவேன். சின்னதுக்குச் சத்தம் பத்தாது."

அவருடைய தாழ்வாரத்துக்குச் சன்னல் இல்லை. காலையானாலும் மாலையானாலும் அதே மஞ்சள் விளக்கு, காலடியை விழுங்கிவிடும் அதே கம்பளம். கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவர் பாதங்களால் அறிகிறார். கடல் சற்றுப் புரண்டால் கையிலுள்ள வாளிகளும் ஒரு பக்கமாய் ஒதுங்கும், அவரும் ஒதுங்குவார், சுவர்களும் கூடவே வருவதால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். வருடக்கணக்கில் அப்படி மிதந்து நடந்ததில் அவர் நடையே தூக்கத்தில் நடப்பவரின் நடையாகிவிட்டது. எதிரே வருகிறவர்கள் தாமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

விடுமுறைக்கு வீடு போனாலும் அந்தத் தாழ்வாரம் அவரை விடுவதில்லை. சொந்தப் படுக்கையறைக் கதவையே விரல் மடக்கித் தட்டிவிட்டு, பதில் வரும்வரை வெளியே நிற்பார். சாப்பிட்டு எழுந்தவர்கள் கை கழுவித் திரும்புவதற்குள் மேசை பளபளவென்று இருக்கும். "அப்பா, இது நம்ம வீடுப்பா. உக்காருங்க" என்று மகள் தோளைப் பிடித்து உட்கார வைப்பாள். உட்காருவார். அவள் அந்தப் பக்கம் போனதும் எழுந்து தலையணை உறையை இழுத்துச் சரிசெய்வார்.

மனைவி மருந்துக்கடையில் நிற்கிறவள். அவள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. "ஆள் வந்தாச்சு. மனசு இன்னும் கப்பல்ல இருந்து இறங்கல. வரும், வரும்" என்பாள். மனசு வந்து சேர்கிற சமயத்தில் அவர் மறுபடி பெட்டி கட்டியிருப்பார்.

ஊழியர்களின் குடும்பத்தில் ஒருவர் ஒரு முறை பயணியாக வரலாம் என்று அந்தக் கப்பலில் ஒரு சலுகை உண்டு. தனக்குத் தலை சுற்றும், கடையில் லீவு தரமாட்டார்கள் என்று அவள் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். போன தடவை மகள் விடவில்லை. "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாம்மா. அப்பா எங்க இருக்காருன்னு நமக்குத் தெரியவே தெரியாதே" என்று பிடிவாதமாய் அனுப்பி வைத்தாள். காலியாகக் கிடைத்த அறை இவருடைய தாழ்வாரத்திலேயே அமைந்தது. ஊழியர்கள் கீழ்த்தளத்தில்தான் படுக்க வேண்டும். வேலை ஓய்ந்த நேரங்களில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வாளியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பாரில் வேலை செய்கிறவரிடம் போய், "என் வீட்டம்மா வர்றாங்க. இருக்கறதுலயே தெளிவான ஐஸ் எனக்கு வேணும்" என்று சொல்லிவைத்தார். "ஐஸ்ல என்னண்ணே தெளிவு, கலங்கல்?" என்று பார்க்காரர் சிரித்தாலும், கண்ணாடிபோல் இருந்த கட்டிகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். இளநீர், ஆரஞ்சுச் சாறு, சோடா என்று அறையில் ஒரு சின்னக் கடையே வைத்தார். எல்லாவற்றையும் ஐஸில் படுக்கவைத்துப் போர்த்தி, மூடி, கையை எடுத்துக்கொண்டு, தாழ்வார முனையில் போய் நின்றார்.

அவள் வந்தாள். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. கதவைத் தட்டிவிட்டு நின்ற கணவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுநாள் அவள் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தபோது எதிர் அறையின் கதவு திறந்தது. தொப்பி வைத்த ஒரு பயணி எட்டிப் பார்த்து, சற்றுத் தள்ளி நின்ற வாளியண்ணனை நோக்கி இரண்டு விரலைச் சொடுக்கினார்.

"யோவ் வாளி! ஐஸ் என்ன நாளைக்கா வரும்?"

"இதோ சார், வந்துருச்சு சார்."

கணவர் முதுகை வளைத்துச் சிரித்துக்கொண்டே விரைவதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். அவள் தன் அறைக்குள் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் அவர் துண்டுகளோடும் வாளியோடும் வந்தபோது அவள் அறைக் கைப்பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டை தொங்கியது.

அந்த அட்டை தொங்கும் கதவை அவர் தட்டியதே கிடையாது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டாலும், தெரிந்தவராகவே இருந்தாலும், அட்டை என்றால் அட்டைதான். வாளியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது அது அங்கேயே இருந்தது. ஐஸ் விழித்து நீராகத் தொடங்கியிருந்தது. எடுத்துப் போய்ப் புதிதாய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் உருகியது. பக்கத்து அறைப் படுக்கைகளை விரிக்கும்போது, எந்தப் பக்கம் தலையணை வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"என்னண்ணே, வீட்டம்மாவுக்கு ஐஸ் பிடிக்கலையா?" என்று பார்க்காரர் கேட்டார்.

"அவங்களுக்கு என்னையே பிடிக்கலை போல இருக்கு."

"போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"அட்டை போட்டிருக்காங்கப்பா."

பார்க்காரர் வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

சாயங்கால ஓய்வு வந்தது. வாளியண்ணன் மறுபடி அந்தக் கதவின் முன் நின்றார். கப்பல் சற்றுப் புரண்டது. அட்டை கைப்பிடியில் ஆடியது, அவரும் ஆடினார். விரலை மடக்கி ஓங்கி, இறக்கி, மறுபடி ஓங்கினார். கடைசியில் அட்டையின் மேலேயே தட்டிவிட்டார்.

"யாரு?"

"நான்தாம்மா."

"நான்தான்னா? ரூம் பாக்கற ஆளா, என் வீட்டுக்காரரா?"

அவர் குனிந்து வாளியைத் தரையில் வைத்தார்.

"வீட்டுக்காரன்."

கதவு திறந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன. படுக்கையை அவளே விரித்திருந்தாள். வீட்டில் விரிப்பது போல, ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருந்தது. குளியலறையைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள். அவருக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்? நான் செய்ய மாட்டேனா?"

"எனக்காகவும் நீங்க குனியக் கூடாது."

"அந்தத் தொப்பிக்காரர் சொன்னதையா நெனச்சிட்டிருக்க? அவர் சுபாவம் அப்படி. நான் சிரிக்கலைன்னாலும் அவருக்கு ஐஸ் வேணும், சிரிச்சாலும் ஐஸ்தான் வேணும். எனக்குச் சிரிக்கறது சுலபமா இருக்கு."

"எனக்கும்தான் கடையில எத்தனையோ பேர் சொடுக்குப் போடறாங்க. நான் திருப்பித் திட்டிருவேன்."

"மனசுக்குள்ளதானே திட்டுவ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இல்லைங்க. கடையில கூட்டம் நெரிக்கும்போதெல்லாம் நான் உங்களைத்தான் நெனச்சுக்குவேன். இந்நேரம் கப்பல் மேல நிப்பாரு, நல்லா காத்து வரும், கடலைப் பாத்துட்டே இருப்பாருன்னு. அப்படி நெனச்சதும் எனக்கும் கொஞ்சம் காத்து வந்த மாதிரி இருக்கும். இத்தனை வருசமா அந்தக் காத்துலதான் நின்னுட்டிருந்தேன். இங்க வந்து பாத்தா நீங்க நடக்கற இடத்துல ஒரு சன்னல்கூட இல்லையே. காத்தும் இல்ல, கடலும் இல்ல."

"கடல் இருக்கும்மா," என்றார் வாளியண்ணன். "யாராவது பால்கனிக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருந்தா தெரியும். போர்வையை உதறும்போது அந்தப் பக்கமா நின்னு உதறுவேன். அப்படியே நீலமா, வெள்ளையா... போர்வை எது, அலை எதுன்னே தெரியாது. அப்ப நான் உன்னை நெனச்சுக்குவேன். இந்நேரம் கடையில கூட்டம் குறைஞ்சிருக்கும், ஸ்டூலைப் போட்டு உக்காந்திருப்பான்னு."

"எங்க கடையில ஸ்டூலே கிடையாது," என்றாள் அவள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் இல்லாத காற்றில் அவளும், அவள் இல்லாத ஸ்டூலில் அவரும் இத்தனை காலம் இளைப்பாறியிருக்கிறார்கள். முதலில் யார் சிரித்தார்கள் என்று பின்னால் இருவருக்கும் நினைவில்லை.

"உக்காருங்க," என்றாள்.

"பயணிங்க நாற்காலில நாங்க உக்காரக் கூடாதும்மா."

"நான்தான் பயணி. நான் சொல்றேன், உக்காருங்க."

நுனியில் உட்கார்ந்தார். அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிச் சாய வைத்தாள். வெளியே இருந்த வாளியை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். அறையில் அவர் வைத்துப்போன ஒரு பாட்டிலை எடுத்து, ஐஸ் போட்ட தம்ளரில் ஊற்றி அவர் கையில் திணித்தாள். அவர் முதல் மடக்கைக் குடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்து அவருடைய காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டாள்.

"ஐயையோ, என்னம்மா இது!"

"பேசாம இருங்க. நாள் முழுக்க நிக்கறவங்களுக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கைத்துண்டில் ஒரு பிடி ஐஸை அள்ளி முடிந்து, வீங்கியிருந்த கணுக்காலில் வைத்து அழுத்தினாள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு கண் சொருகியது. கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, அவசரமில்லாமல் நிமிர்ந்தது. துண்டிலிருந்து நீர் கசிந்து பாதத்தின் வழியே வழிந்து கம்பளத்தில் சொட்டத் தொடங்கியது.

பாதித் தூக்கத்திலும் அவருக்கு அது தெரிந்தது. மேசைமேல் இருந்த உலர்ந்த துண்டை எடுக்க அவர் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் அப்படியே இருந்துவிட்டு, இறங்கி வந்து, குனிந்திருந்த அவள் தலைமேல் மெல்ல அமர்ந்தது.