பெரியவர் வழியில் நிற்கிறார்

உவரிக் கடற்கரையில் அமலோற்பவத்தின் வாய்க்கு எதிர்வாய் கொடுத்துத் தப்பித்தவர் யாரும் இல்லை. மீன் ஏலம் போகிற இடத்தில் அவள் குரல் எழும்பினால் மீசை வைத்த ஆம்பளைகளும் ரெண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். கணவர் சிலுவை பாதி வருஷம் கொல்லத்துப் பக்கம் தொழிலுக்குப் போய்விடுவார். கருவாடு காயப்போட்டு, திசையன்விளைச் சந்தைக்குச் சுமந்து விற்று, வீட்டைத் தூக்கி நிறுத்தினவள் அவள்தான். மனசு வெல்லக்கட்டி. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது மனசைக் கேட்டுப் பேசுகிற வாய் இல்லை.

அந்த வாய்தான் தொண்ணூற்றொன்றில் அவளை மகள் இல்லாதவளாகப் பண்ணியது.

மகள் ஞானசௌந்தரி பத்தாவது படித்தவள். கன்னியாஸ்திரீகள் சொல்லி, மஞ்சோலைக்கு மேலே நாலுமுக்குத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. போன இடத்தில் சொரிமுத்து என்கிற தோட்டத்துப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தால் பிடித்ததுதானே, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? பையனின் அப்பா மந்திரமூர்த்தி மரியாதை தெரிந்த மனுஷன். முறைப்படி பெண் கேட்க மலையிறங்கி, மூன்று பஸ் மாறி, ஒரு சீப்பு மட்டிப்பழமும் ஒரு கிலோ தேயிலையும் சுமந்துகொண்டு உவரிக்கு வந்தார்.

வாசற்படி ஏறுவதற்குள் அமலோற்பவம் ஆரம்பித்துவிட்டாள்.

"அட்டைக்கு ரத்தம் குடுக்கவாவே எம்மவள வளத்தேன்? கடல எட்டிப் பாக்காத பயலுக்கு எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதோ? வந்த வழியப் பாத்துப் போவும்!"

சொன்னதோடு விட்டாளா? தேயிலைப் பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். எங்கள் பக்கத்தில் பகையாளி வந்து நின்றாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணி கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். அதுகூடக் கொடுக்கவில்லை, பாவி. மந்திரமூர்த்தி தெருவில் குனிந்து, சிந்தின தேயிலையைத் துண்டில் அள்ளி முடிந்துகொண்டு நடந்து போனார்.

கல்யாணம் மலையிலேயே நடந்தது. "செத்தாலும் சொல்லி அனுப்பாதீங்க" என்று அமலோற்பவம் ஊர் கேட்கச் சொன்னாள். சொன்ன மறுநாளே அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அதை ஊர் கேட்கவில்லை. வீம்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம், ரெண்டு வருஷம் ஓடியே போயிற்று.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் மருமகனிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. "அத்தைக்கு, சௌந்தரிக்கு இது ஒன்பதாவது மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அவள் வாய் திறந்து கேட்கமாட்டாள். ஆனால் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறப் பயப்படுகிறாள். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்."

சொல்லிவிட்டுத்தான் எழுதினான், சரி. அப்பா அதற்கு என்ன சொன்னார்? அதை எழுதவில்லையே! அந்த ஒரு வரியை அமலோற்பவம் இருபது தடவை படித்தாள். சனிக்கிழமை வருவதாகத் தந்தி அடித்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறாவை மிஞ்சினது எதுவும் இல்லை. நல்லதாகப் பார்த்துப் பால்சுறாக் கருவாடு ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

பின்னாளில் ஏழெட்டு வருஷம் மாதம் தவறாமல் அவள் போய்வந்த பாதைதான் அது. டிரைவர்மார் அவளுக்காக ரெண்டு நிமிஷம் பஸ்ஸை நிறுத்திவைக்கிற அளவுக்குப் பழகிப்போனாள். ஆனால் அவள் மலையைக் கிட்டத்தில் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. திருநெல்வேலி ஜங்ஷனில் மஞ்சோலை பஸ் ஏறி, கல்லிடைக்குறிச்சி தாண்டி, மணிமுத்தாறு செக்போஸ்ட்டைக் கடந்ததும் பஸ் மூக்கை மேலே தூக்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் "அந்தோணியாரே" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கட்டுமரத்தில் வராத மயக்கம் பஸ்ஸில் வந்தது.

கருவாட்டு வாசத்துக்கு முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். பக்கத்து சீட்டில் இருந்த பேச்சித்தாய் பொத்தவில்லை. அவள் நாலுமுக்கில் கொழுந்து பறிக்கிறவள். கடற்கரைச் சேலையில் அமலோற்பவம் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளியில் பாதியைப் போர்த்திவிட்டு, யார் வீட்டுக்கு என்று விசாரித்தாள்.

"சௌந்தரி அம்மையா நீங்க? எம்பேரன் அவ மடியிலதான் நடக்கப் படிச்சான். தங்கமான புள்ள. பயப்படாம வாங்க" என்றாள்.

அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்னே பின்னே தெரியாத ஒருத்தி தன் கம்பளியைக் கொடுக்கிறாள். நான் வாசல் தேடி வந்தவருக்குத் தண்ணி கொடுக்கவில்லையே என்று நெஞ்சு குறுகுறுத்தது. வெளியே பச்சைப் பசேல் என்று தேயிலை, தலை வாரிவிட்ட மாதிரி வரிசை வரிசையாக. இந்த ஊரையா அட்டைக்காடு என்று ஏசினோம்!

மஞ்சோலை தாண்டி, காக்காச்சியும் தாண்டின பிறகு ஒரு வளைவுக்குக் கீழே பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். வெளியே மூடுபனி. கண்டக்டர் பைய எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

"யாரும் எறங்காதீய. பெரியவரு வழியில நிக்காரு."

"கோவமா இருக்காரோ?" என்றார் ஒருவர்.

"ரெண்டு நாளாவே கோவந்தான். அவரா மனசு வச்சு விலகுனாத்தான் உண்டு."

காட்டுக்குள் யானையை யானை என்று சொல்லும் வழக்கம் தோட்டத்து ஜனங்களுக்கு இல்லை. பேர் சொன்னால் முன்னால் வந்து நிற்கும் என்பார்கள். பெரியவர் என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். மலையில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். உவரிக்காரிக்கு எப்படித் தெரியும்? விளக்கிச் சொல்லியிருக்கக்கூடிய பேச்சித்தாயோ வாயைப் பிளந்து நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

அமலோற்பவம் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர் என்றால் வேறு யார்? சம்பந்திதான்! தந்தி பார்த்திருக்கிறார். ரெண்டு நாளாகக் கோபமாக இருக்கிறார். மகளைப் பார்க்க விடக்கூடாது என்று நடுரோட்டில் வந்து நின்றுவிட்டார். வேறு நாளாக இருந்தால் பத்ரகாளியாக இறங்கியிருப்பாள். அன்றைக்கு அவளுக்குக் கோபமே வரவில்லை. நியாயம்தானே என்றுதான் தோன்றியது. எல்லாரும் முன்பக்கக் கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டிருந்தபோது, பெட்டியை இடுப்பில் வைத்துப் பின்வாசல் வழியாக இறங்கினாள். தேயிலைச் செடிகளுக்குள் ஒரு குறுக்குப் பாதை மேலே ஏறியது. அதில் ஏறி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

பனிக்குள் யாரோ நிற்கிறாற்போல ஒரு கறுப்பு. விறகு ஒடிக்கிற சத்தம் வேறு கேட்டது. நிமிர்ந்து முகம் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. பாவசங்கீர்த்தனம் சொல்லும்போது திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியார் முகத்தையா பார்க்கிறோம்? முக்காடு போட்டு, தலையைக் குனிந்து, முழங்கால் போட்டாள்.

"சம்மந்தி, நாந்தான் உவரிக்காரி. நீங்க கோவப்படுதது நாயம். வாசல்ல வந்த மனுசருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காத மூதேவி நான். சிந்துன தேயிலைய நீங்க குனிஞ்சு அள்ளுனீய பாத்தியளா, அந்தக் குனிஞ்ச முதுகு ரெண்டு வருசமா எங்கண்ணுக்குள்ளயே நிக்கி. என்னைய ஏசுங்க, அடிங்க, வாங்கிக்கிடுதேன். எம்புள்ளையப் பாக்க மட்டும் வழி விடுங்க சம்மந்தி. அவளுக்கு ஒண்ணுன்னா நான் இருந்து என்ன செய்ய?"

பதிலுக்கு ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. முக்காடு படபடத்தது. அழுகிறாரோ என்று பைய நிமிர்ந்தாள்.

கோயில் தூண் கணக்கில் ரெண்டு கால். அதற்கு மேலே முறம் முறமாய்க் காது. தும்பிக்கை நீண்டு வந்து ஓலைப்பெட்டியை மோந்து பார்த்தது. உவரியையே ஆட்டிவைத்த தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட எழும்பவில்லை. கருவாட்டு வாசம் பிடிக்காமல் போயிற்றோ, அழுகிற பொம்பளையிடம் நமக்கென்ன பேச்சு என்று நினைத்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். யானை ஒரு தரம் தும்மி, உடம்பைத் திருப்பி, சரிவில் இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது.

யானை நின்ற இடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. கையில் குடையும் தோளில் ஒரு பிளாஸ்க்குமாக மந்திரமூர்த்தி வந்தார். சம்பந்தியை எதிர்கொண்டு கூட்டிப்போக வந்தவர், யானைக்குப் பயந்து ஒரு மணி நேரமாக ஒரு பாறை மறைவில் நின்றிருக்கிறார். கூப்பிட்டு எச்சரித்தால் யானை மிரண்டு அவளை மிதித்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், அவள் சொன்னது அத்தனையும் கேட்டுவிட்டார்.

"எந்திரிங்க சம்மந்தியம்மா" என்றார். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "பயப்படாமக் குடிங்க. அன்னைக்கு அள்ளிட்டு வந்த தூள் இல்ல, புதுசுதான்."

அமலோற்பவம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக உடைந்தது. "மன்னிச்சிட்டியளா?" என்றாள்.

"கோவம் இருந்துச்சு. இல்லைன்னா பொய்யி. ஒங்க தந்தியப் பாத்துட்டு மருமவ சிரிச்சா பாருங்க, அன்னைக்கே அது போயிட்டு. பேச இப்ப நேரமில்ல. காலையில இருந்து புள்ளைக்கு வலி. வெரசா வாங்க."

பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே ஏறியது. கண்டக்டர் திட்டினார். அவள் அவருக்கும் கும்பிடு போட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கட்டில். அதில் சௌந்தரி வெளுத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"ஏம்மா இம்புட்டு நேரம்?"

ரெண்டு வருஷத்தைக் கேட்டாளா, பஸ் நின்ற நேரத்தைக் கேட்டாளா, தெரியாது. "தப்பு எம்மேலதான், தாயி. இந்தா வந்துட்டேன்லா" என்று அமலோற்பவம் மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மகள் அவள் கையைப் பிடித்த பிடியில் வளையல் ரெண்டு நொறுங்கியது.

பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்தாள். தாயும் சுகம், பிள்ளையும் சுகம். வீட்டுக்குப் பெரியவர் என்று நர்சம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மந்திரமூர்த்தியிடம் நீட்டினாள். அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல அவங்க கையில குடுங்கம்மா" என்றார். "அவங்கதான் ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்தது."

கையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு அமலோற்பவம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருப்பீய சம்மந்தி" என்றாள்.