கடல் கோணலாகத் தெரிந்தது

அந்த ஞாயிறு பத்து பெரிங்கி கடற்கரையில் எடுத்த எட்டுப் படங்களிலும் கடல் நடுவில் குழிந்திருந்தது. வானமும் தண்ணீரும் சேரும் கோடு நேராக வந்து, நடுவில் மட்டும் தொய்ந்து, மறுபடி நேராகிப் போனது. ஏழை அழித்தேன். ஒன்றைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். கைப்பேசி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் குடும்பக் குழுவில் தினமும் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வது என் வேலை. மற்றவர்கள் எங்கிருந்தோ வந்த ரோஜாப் படங்களைத் தள்ளிவிடுவார்கள். நான் சொந்தமாக எடுத்த கடலைப் போடுவேன். ஞாயிறன்று எடுத்ததை வாரம் முழுவதற்கும் பங்கு பிரித்துக்கொள்வேன். ஆள் தெரியக் கூடாது, செடி கொடி கூடாது, கோடு நேராக இருக்க வேண்டும். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் உதிரிப்பாகங்களில் கோணல் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். அந்தக் கண்ணிலேயே கோணல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லிட்டில் இந்தியா கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் அண்ணனிடம் சாட்சியைக் காட்டிச் சண்டை பிடித்தேன். அவர் படத்தைச் செங்குத்தாகத் திருப்பினார்.

"இப்ப எங்க வளையுது?"

"நான் பாக்கற எடத்துலதான், அண்ணே."

"கொஞ்சம் மேல பாருங்க."

பள்ளமும் மேலே போனது.

"போன் ஓகே லா, அக்கா. மொதல்ல கண்ண காட்டுங்க. லேட் பண்ணாதீங்க."

மருத்துவமனையில் என் வலது கண்ணின் மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி, எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காட்டும் இடம்) துளை விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். இடது கண் எனக்குச் சோம்பல் கண் (சிறுவயதிலேயே சரியாகப் பார்க்கப் பழகாத கண்). அதில் ஆள் தெரியும், முகம் தெரியாது. வலதும் போனால் என் கணவர் முகம் எனக்கு இல்லை. அன்று நான் பயந்ததுபோல் வாழ்க்கையில் பயந்ததில்லை.

இளம் மருத்துவர், தமிழ்ப் பெண், பொய் சொல்லவில்லை.

"ஆப்பரேஷன் பண்ணா ஓட்ட மூடிக்கும்னு நம்பலாம், ஆண்ட்டி. ஆனா கோடு பழைய மாதிரி நேராகும்னு ப்ராமிஸ் பண்ண மாட்டேன்."

விட்ரெக்டமி செய்தார்கள் (விழிக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு வாயுக் குமிழி ஒன்றை வைப்பது). அந்தக் குமிழி துளையை அழுத்த வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் குப்புறப் படுக்கை. வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, எங்கள் ஊர்க் கொடிமலைக்குக்கூடப் போகக் கூடாது. உயரத்தில் குமிழி பெருத்துவிடுமாம்.

என் கணவர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், குழந்தைகள் நீந்தும் மிதவை வளையம் ஒன்று வாங்கிவந்தார். மஞ்சள் வாத்துப் படம் போட்டது. அதில் முகத்தைப் பதித்து, ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் தரையைப் பார்த்துக் கிடந்தேன். பார்த்தேன் என்று சொல்வது தவறு. வலது கண்ணில் பால் கலங்கிய வெளிச்சம் மட்டுமே இருந்தது. ரொட்டிக்காரரின் ஹார்ன் கேட்டால் காலை, பள்ளிவாசல் அழைப்பு கேட்டால் இன்னொரு பொழுது. நடுவில் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாது. கட்டில் மெல்ல நகர்ந்து கரையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

குழுவில் காலை வணக்கம் நிற்கக் கூடாதென்று அவரே பக்கத்துக் கரைக்குப் போனார். போன இடத்தில் கடலை விட்டுவிட்டுப் பாறை இடுக்கில் முளைத்த பூக்களை எடுத்துவந்தார்.

"கடலு எனக்கு நேரா வராது லா. பூன்னா எப்படி எடுத்தாலும் பூதான்."

படத்தை எனக்குக் காட்ட முடியாது. அதனால் தரையில் உட்கார்ந்து சொன்னார்.

"பஞ்சு உருண்ட மாதிரி இருக்கு. ரோசும் இல்ல, ஊதாவும் இல்ல. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு புடவ கட்டுனியே, அந்தக் கலரு. எலையத் தொட்டேன், மூடிக்கிச்சு."

தொட்டாற்சுருங்கி. எங்கள் நடைபாதையோரம் எத்தனை முறை மிதித்துப் போயிருப்பேன். அன்று மூடிய கண்ணுக்குள் அது பூத்தது. மறுநாள் ஒரு மஞ்சள் பூ, அதற்கடுத்த நாள் அடம்பங்கொடி. அந்த மனிதர் முப்பது வருடத்தில் என்னிடம் பேசியதைவிட அந்த ஏழு நாளில் அதிகம் பேசினார். எனக்கு அழுகை வந்தது. கண்ணுக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டேன்.

எழுந்து உட்கார அனுமதி கிடைத்த சில நாட்களில் ஓர் அதிசயம். வலது கண்ணின் மேல்விளிம்பில் ஒரு நீர்க்கோடு தோன்றியது. குமிழி சுருங்கச் சுருங்க அது கீழே இறங்கும், கோட்டுக்கு மேலே உலகம் தெரியும். நடந்தால் தளும்பும். தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கோடு மட்டும் சாயாது. முதலில் மின்விசிறி தெரிந்தது, பின் சுவர்க் கடிகாரம், பின் அவருடைய வழுக்கை, கண்ணாடி, மூக்கு. ஒரு முகம் முழுதாக வெளியே வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அவ்வளவு மெதுவாக நான் யாரையும் பார்த்ததில்லை.

உங்களுக்கும் இப்படிக் குப்புறக் கிடக்க நேர்ந்தால், பக்கத்தில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். நன்றாக இருப்பவர்கள் அவ்வப்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். வளைந்து தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள், கம்பியைத் திட்டாதீர்கள்.

ஒன்பதாவது வாரம் குமிழி கரைந்தது. துளை மூடிவிட்டது என்றார் மருத்துவர். அடுத்த ஞாயிறு என் கணவரின் மோட்டார் சைக்கிளில் பத்து பெரிங்கி போனோம்.

முன்பெல்லாம் வந்து, எடுத்து, சரிபார்த்துப் போக எனக்கு ஐந்து நிமிடம் போதும். அன்று கைப்பேசி பைக்குள்ளேயே கிடந்தது. வெயில் ஏறி, மணல் சுட ஆரம்பித்தும் நின்றிருந்தேன். ஹெல்மெட்டோடு காத்திருந்தவர் கடைசியில் பக்கத்தில் வந்தார்.

"நேரா தெரியுதா?"

"இல்லங்க," என்றேன். "ஆனா தெரியுது."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.