உங்கள் அம்மாவின் மருந்துக்கு மாமா போட்ட கையெழுத்து

பிள்ளைகளே, நானும் அம்மாவும் ஏன் கல்யாண நாள் கொண்டாடுவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். உண்மையில் எங்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை.

அம்மாவுக்கு ஊரில் முதலில் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த மனிதர் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். செத்ததைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் அம்மா ரொறன்ரோவுக்கு வந்து என்னோடு வாழத் தொடங்கியபோது தாலியும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்றார். நான் சம்மதித்தேன். சனத்துக்கு, "ரெஜிஸ்டர் பண்ணிட்டம்" என்று சொன்னோம். அம்மாவின் அண்ணன், ஒஷாவாவில் இருக்கும் உங்கள் மாமாவும் அதைத்தான் நம்பியிருந்தார்.

பிறகு அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. போத்தல் மூடி திறக்கவும் உங்களைக் கூப்பிடுவார், நினைவிருக்கும். இந்த நாட்டில் டொக்டரைப் பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை, மருந்துக்குத்தான் காசு. டொக்டர் எழுதிக் கொடுத்த ஊசியின் விலை என் சம்பளத்துக்கு எட்டாது. நல்ல காலம், அந்த மாரியில் எனக்கு நகரசபையில் பனி தள்ளும் வேலை நிரந்தரமானது. குடும்பத்துக்கும் சேர்த்து மருந்துச் செலவு கொடுக்கும் பெனிஃபிற் உண்டு. விபரம் கேட்டபோது நான் "மணமானவர்" என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். சனத்துக்குச் சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது. கந்தோரில் இருந்த பெண் கல்யாணப் பத்திரம் கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் அதே மருந்து கிடைக்கும், அப்படி எழுதி, உங்களைத் தெரிந்த ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார்.

"என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரன் ஒரு நிமிசத்தில போட்டுத் தருவான்" என்றேன் அம்மாவிடம்.

"வேண்டாம். அண்ணைக்கு ஒளிச்சு எனக்கு ஊசி வேண்டாம். அவரே போடட்டும்."

மாமா வந்தார். விசயத்தைக் கேட்டதும் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

"இவ்வளவு வருசமும் என்னைப் பேயனாக்கிப்போட்டியள், என்ன மச்சான்?" என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "உது என்ன விசர் உனக்கு? மரணப் பத்திரம் எடுத்திட்டுக் கோயில்ல தாலியைக் கட்டு. எத்தினை பேர் எடுத்திட்டினம்."

"நான் கேட்டு எடுத்தா, அவரைச் சாக்காட்டினது நான்தான் அண்ணை."

"அவர் எப்பவோ போயிட்டார். நான் வருசா வருசம் திவசம் குடுத்துக்கொண்டு வாறன்."

அது வாய் தவறி வந்தது என்றுதான் நினைக்கிறேன். அம்மா எழும்பி அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்? எந்த நாளில?"

மாமா நிலத்தைப் பார்த்தார். "ஆக்கள் அவரைக் கடைசியாக் கண்ட நாளில."

"அண்டைக்கு அவர் தேத்தண்ணிக்கு மாப்பால் தேடிப் போனவர். வாறன் எண்டு சொல்லிட்டுத்தான் போனவர்."

மாமா பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கோட்டின் பொத்தானைக்கூடப் பூட்டாமல் குளிருக்குள் இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை, நாங்களும் போகவில்லை.

மருந்து வந்தது. அம்மாவின் விரல்கள் இப்போது மடங்குகின்றன. ஆனால் மாமா சொன்ன அந்த நாள் வந்தால் அவர் அடுப்புப் பக்கம் போவதில்லை. மரக்கறி மட்டும் வைத்தால் திவசம் ஆகிவிடும். மீன் வைக்கவும் கை வருவதில்லை. வேலை முடிந்து வரும்போது நான் பீற்சா வாங்கி வருவேன். நீங்கள் சந்தோசமாகச் சாப்பிடுவீர்கள்.