மூன்று ராஜா

எட்டாவது முடிந்ததும் என்னைப் பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் சேர்ப்பதாக அப்பா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவரும் அங்கேதான் வேலை பார்த்தார். அன்றிலிருந்து அம்மா அவரிடம் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் அப்பாவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி, என் மாமா, சீட்டுக்கட்டோடு எங்கள் தாம்பரம் வீட்டுக்கு வந்தார். ஆபீசர்கள் மெஸ்ஸில் பரிமாறுகிறவர். அங்கே ஆடும் போக்கரைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஜோடி. அதைவிட இரண்டு ஜோடி பெரிது. அதையும்விட ஒரே மாதிரி மூன்று பெரிது. சீட்டு பிடிக்கவில்லையென்றால் கவிழ்த்துவிடலாம். கையில் எது இருந்தாலும் கவிழ்த்தவன் தோற்றவன். பந்தயம் புளியங்கொட்டை.

நான் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பா, அரை மணி நேரத்தில் மாமாவின் கொட்டையை எல்லாம் தன் பக்கம் வாரிக்கொண்டார்.

"இன்னா மச்சான், மெஸ்ல இதத்தான் கத்துகினியா?"

மாமா சிரிக்கவில்லை. "கடைசி ஆட்டம். கொட்டை வேணாம். நான் ஜெயிச்சா பையன் ஒம்போதாவது படிக்கட்டும். நீ ஜெயிச்சா நானே இட்டுகினு போய் ஷெட்ல வுடறேன்."

அடுப்படியில் வெங்காயம் அரியும் சத்தம் நின்றது. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "போடு."

அவர் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்தேன். மூன்று ராஜா. ஒன்பதாவது போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்தார்.

"ஒண்ணும் சரியில்லப்பா."

"அப்பா! மூணு ராஜா கீது!" என்று கத்திவிட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. "கவுத்தா கவுத்ததுதான். ரூலு தெரியாதா ஒனக்கு?" என்றபடி சீட்டைக் கட்டுக்குள் சொருகினார். மாமாவின் கையில் இருந்தது வெறும் இரண்டு ஏழு, ஒரே ஒரு ஜோடி.

மறுநாள் மேஸ்திரி வந்து கேட்டபோது அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "மச்சான்கிட்ட சீட்டுல தோத்துட்டேன் மேஸ்திரி. பந்தயம்னு ஒத்துகினு அப்பால மாற முடியுமா?"

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. ஜோடியைவிட மூன்று பெரிது என்று தினமும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல, "அப்படியா?" என்பார்.

"எவ்ளோ சொன்னாலும் அப்பாவுக்கு ஏற மாட்டேங்குதும்மா" என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

அம்மா, அப்பாவின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்து, "கொழம்பு ஊத்தட்டா?" என்று அவரைக் கேட்டாள்.

தோற்றவருக்கு எதற்கு இரண்டு துண்டு என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.